தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துத் தாள்

எங்கள் ஆலயத்தை இனி ஆலயம் அல்ல என்று அறிவிப்பதற்கு முன்னால், அதில் ஞானஸ்நானம் பெற்ற அத்தனை பேருடைய பெயரையும் ஒருமுறை சத்தமாக வாசித்துவிட வேண்டும் என்பது கிங்ஸ்லி ஐயரின் யோசனை. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இவர் சின்ன வயசுக்காரர். சபைக்கு வந்த ஆறாம் மாதத்தில் வெள்ளம் வந்துவிட்டது. வந்ததும் வராததுமாக அடக்கம் பண்ண ஒரு கோயிலைக் கொடுத்துவிட்டீர்களே என்று கூட்டத்தில் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

வாசிக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிப்பது முப்பது வருஷமாக என் வேலை. பாளையங்கோட்டைக் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வேதநாயகம் சார் வாசித்தால் ஒரு பெயர் விடுபடாது என்று ஐயர் எல்லோர் முன்னாலும் சொன்னார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி இன்பமணி அப்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் காத்திருந்தது ஒரே ஒரு பெயருக்கு. ஃபெபி. எங்கள் மகள். 1993 ஜூனில் பிறந்து இரண்டாம் நாள் இறந்துபோனவள்.

அந்தப் பெயர் பதிவேட்டில் கிடையாது. அது எனக்கு மட்டும் தெரியும்.

வெள்ளம் வந்தது 2023 டிசம்பரில். பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் கிழக்கே முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். ஆலயம் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு நாள் உள்ளே நெஞ்சளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் தென்புறச் சுவர் கீழே இறங்கி, மேலே கையை நுழைக்கிற அளவுக்கு வெடித்திருந்தது. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, உள்ளே ஆள் உட்காரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் பேசிப் பேசி, இடித்துவிட்டு ரோட்டோரத்து மேட்டில் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. ஆனால் பிரதிஷ்டை செய்த கட்டடத்தை அப்படியே போய் இடித்துவிட முடியாது. பிரதிஷ்டையை நீக்குவதற்கென்று ஓர் ஆராதனை உண்டு. பேராயருடைய அறிவிப்பை வாசித்து, உள்ளே இருக்கிற பரிசுத்தப் பொருள்களை வெளியே கொண்டுவந்து, கதவைச் சாத்த வேண்டும். எங்களில் ஒருவரும் அப்படி ஓர் ஆராதனையைப் பார்த்ததில்லை.

பதிவேடுகள் இருந்த இரும்பு அலமாரியும் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அவற்றைக் காயவைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐயர் குடியிருக்கிற குருமனையின் மாடியில் ஒரு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவே செய்தித்தாள் வைத்து, மின்விசிறிக்கு அடியில் பரப்பினேன். நூறு வருஷத்துக்கு முந்தைய பெயர்கள் பழைய மையில் எழுதப்பட்டவை. பல இடங்களில் அவை நீலக் கறையாகப் பரவி, யார் யாருக்குள் கலந்தார்கள் என்று தெரியாமல் கிடந்தன. சமீப காலத்துத் தாள்கள் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை. அவற்றில் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை.

தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் இன்பமணி, எந்த வருஷம் வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்பாள். எழுபது, எழுபத்தெட்டு, எண்பத்தொன்று. அவள் வேறு எதுவும் கேட்க மாட்டாள். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துத் தாள் அந்தப் புத்தகத்தின் கடைசித் தாள். மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை ஒன்பது குழந்தைகள். எழுத்து பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கடைசித் தாள் அட்டையோடு ஒட்டிப்போய்ப் பிய்ந்துவிட்டது என்று சொன்னேன். போனால் போகட்டும், ஆண்டவரிடத்தில் இன்னொரு புத்தகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் அந்தத் தாளைப் பதிவேட்டிலிருந்து பிரித்து, மடித்து, என் வேதாகமத்துக்குள் வைத்தேன். இருபத்தாறு வருஷக் கோர்ட்டு வேலையில் ஒரு கட்டிலிருந்து ஒரு தாளை நான் எடுத்ததில்லை. மற்றவர்கள் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தை இரண்டு நாளுக்குப் பார்க்கப் பிடிக்காது.

அந்த ஜூனில் இன்பமணி பிரசவத்துக்குப் போனபோது கால் முகமெல்லாம் வீங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிற வழியில் ஜன்னி கண்டது. அதற்குக் கொஞ்சம் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, எது நடந்தாலும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும், பெண்ணாக இருந்தால் பெயர் ஃபெபி என்று சொன்னாள். நான் தலையாட்டினேன். அவளுக்குச் சரியாக நினைவு திரும்ப நான்கு நாள் ஆனது.

இரண்டாம் நாள் மத்தியானம் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எங்கள் அப்போதைய ஐயர் எந்தக் கிராமத்துக்குப் போயிருக்கிறார் என்று தெரியவில்லை. ஆள் அனுப்பியிருந்தேன். ஆஸ்பத்திரியில் மாரித்தாய் என்று ஓர் ஆயா. நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பாள். அவள்தான் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“உங்க ஆளுக தண்ணி ஊத்துவியளே. ஊத்திருங்க சார். நேரமில்ல.”

ஆபத்து நேரத்தில், ஐயர் இல்லாத இடத்தில், விசுவாசி எவரும் கொடுக்கலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். மூன்று தரம் தண்ணீர், குழந்தையின் பெயர், திரியேக தேவனுடைய நாமம். அரை நிமிஷம்கூட ஆகாது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊற்றினால், இவள் சாகப்போகிறாள் என்று நானே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. ஊற்றாமல் இருக்கிற வரைக்கும் பிழைப்பாள் என்று இருந்தது. ஐயர் வந்துவிடுவார், இன்னும் ஒரு மூச்சு பார்க்கலாம், இன்னும் ஒன்று. அப்புறம் அடுத்த மூச்சு வரவில்லை. மாரித்தாய் என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைக் கொட்டினாள்.

ஐயர் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். அந்தக் காலத்தில் அது ஆகாத குழந்தைக்கு அடக்க ஆராதனை முழுவதும் வாசிக்க மாட்டார்கள். அவர் முழுவதையும் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து விவரம் கொடுத்தால் பதிவு செய்துவிடுகிறேன் என்றார். நான் போகவில்லை. வாயால் சொன்னதைப் புத்தகத்தில் எழுதவைக்க என்னால் முடியவில்லை. மூன்று மாதத்தில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

நான்காம் நாள் இன்பமணி கண்ணைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே குழந்தை இல்லை என்று தெரிந்துகொண்டாள். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

“ஊத்துனியளா?”

“ஊத்திட்டேன்.”

அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தரம் நின்று இரண்டு தரமும் கலைந்தது. அவள் ஞாயிறு பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் ஒருநாள், கறி நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ, அவளாவது பத்திரமாக இருக்கிறாள் என்று சொல்வாள். முப்பத்தொரு வருஷம் அந்த ஒரு சொல்லில்தான் அவள் நின்றாள். ஒரு டம்ளர் தண்ணீருக்காகக் கடவுள் ஒரு குழந்தையைத் தள்ளிவிட மாட்டார் என்று இந்தக் காலத்து ஐயர்மார் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். அவள் என்னிடம் கேட்டது கடவுளைப் பற்றி அல்ல.

அழிந்துபோன தாள்களில் இருந்த பெயர்களை அந்தந்தக் குடும்பத்தார் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று கிங்ஸ்லி ஐயர் ஆராதனையில் அறிவித்தார். எந்தெந்தத் தாள்கள் அழிந்தன என்ற பட்டியலைக் கொடுத்தவன் நான். அதில் தொண்ணூற்று மூன்றும் இருந்தது. அன்று மத்தியானமே இன்பமணி ஒரு தாளைக் கிழித்து, கோடு போட்டு, அழகான எழுத்தில் எழுதினாள். பெயர் ஃபெபி. தகப்பன் வேதநாயகம். தாய் இன்பமணி. ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, தகப்பன் என்று எழுதினாள். என்னிடம் கொடுத்தால் நானே ஐயரிடம் சேர்த்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், நானே கொடுக்கிறேன் என்று சேலையை மாற்றிக்கொண்டு குருமனைக்குப் போனாள்.

ஐயர் எல்லாச் சீட்டுகளையும் வருஷ வாரியாக ஒரு புது நோட்டில் எழுதி என்னிடம் தந்தார். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துத் தாளில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குச் சீட்டு வந்திருந்தது. வராதது ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியர் குடும்பம், இரண்டே வருஷம் இருந்துவிட்டு எங்கோ வடக்கே போய்விட்டார்கள். அவர்களுடைய குழந்தைக்காகச் சீட்டு எழுத இங்கே ஆள் இல்லை. அந்தப் பெயரை மறைத்தவன் நான். அதனால் மே மாதத்து இடத்தில் நானே எழுதினேன். ஹெப்சிபா ரோஸ்லின். அதற்கு அடுத்த வரி, ஐயர் கையெழுத்தில், ஃபெபி.

ஆராதனைக்கு முந்தின நாள் சங்கிலிபூதத்தான் வந்தார். இடிக்கிற ஒப்பந்தம் அவருக்கு. மலையடிவாரத்துக்காரர், ஐம்பது வயது, நல்ல வேலைக்காரர். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று என்னிடம் விசாரித்தார். ஓர் அறிவிப்பு வாசிப்போம், அதன் பிறகு இது வெறும் கட்டடம் என்றேன்.

“வாசிச்சா சாமி போயிருமா அண்ணாச்சி?”

“அப்படித்தான்.”

“எங்க கோயில்னா ஒரு கும்பத்துல தண்ணி வச்சு, சாமிய அதுல எறக்கி, வேற எடத்துல கொண்டு வச்ச பெறகுதான் கடப்பாறைய எடுப்போம். நீங்க காயிதத்த வாசிச்சே அனுப்பிருதிய. படிச்ச சாமி போல.”

ஏணி பிடித்துக்கொண்டிருந்த ஆள் சிரித்தான். “நம்ம சாமிக்கு எழுத்து ஏறாது வே. அதான் குடம்” என்றான்.

சங்கிலிபூதத்தான் சிரிக்கவில்லை. வெடித்த சுவரில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கேலிக்குச் சொல்லல அண்ணாச்சி. உள்ளாற ஏதும் பாக்கி கெடந்தா இப்பமே சொல்லிருங்க. மேல ஏறப்போறவன் நான்.”

ஒன்றும் இல்லை என்றேன்.

மறுநாள், பிப்ரவரி மாதச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. உள்ளே உட்காரக் கூடாது என்பதால் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வேதம் வாசிக்கிற மேடையை ஆலயத்தின் நடைவாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. என் முதுகுக்குப் பின்னால் வெற்றுத் தரையும், சேறு படிந்த சுவரும், கடைசியில் பீடமும் இருந்தன. பேராயருக்குப் பதிலாக ஒரு மூத்த குருவானவர் வந்திருந்தார். வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆள்கள் வந்திருந்தார்கள்.

நான் வாசித்தேன். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள். முதல் பக்கங்களில் ஒரே நாளில் ஒரு குடும்பம் மொத்தமும் வரும். அவர்களுக்குப் பழைய பெயரும் புதிய பெயரும் இருக்கும். இரண்டையும் வாசித்தேன். அம்மை வந்த வருஷம், மழை பொய்த்த வருஷம், பெயர்கள் குறைந்து தெரியும். தங்கள் வீட்டுப் பெயர் வரும்போது ஜனங்கள் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார்கள். இறந்துபோனவர்களின் பெயருக்குப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தொண்டை வறண்டபோது யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். என் பெயரையும் நானே வாசித்தேன். இன்பமணியின் பெயரையும் வாசித்தேன்.

தொண்ணூற்று மூன்றுக்கு வந்தபோது வெயில் பந்தலுக்குள் சாய்ந்திருந்தது. நாக்கு எழாது, அந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. ஹெப்சிபா ரோஸ்லின் என்று வாசித்தேன். ஃபெபி என்று வாசித்தேன். என் குரல் கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற குரல் போலத் தெளிவாக இருந்தது. இன்பமணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

பிறகு மூத்த குருவானவர் அறிவிப்பை வாசித்தார். அரைப் பக்கம்கூட இல்லை. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பு பிரதிஷ்டை செய்யப்பட்ட இந்த இடம் இன்றிலிருந்து அந்த நோக்கத்திலிருந்து விடுவிக்கப்படுகிறது, இனி இது பொது உபயோகத்துக்கு உரியது. கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அவ்வளவுதான். முடிவில் ஜனங்கள் ஆமென் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. தெரியாமல் இருந்தார்களா, மனம் வராமல் இருந்தார்களா என்று சொல்ல முடியாது. அவர் கடைசி வரியை இன்னொரு தரம் வாசித்தார். அப்போது சிலர் சொன்னார்கள்.

சிலுவையை வெளியே கொண்டுவந்தார்கள். வேதாகமத்தை, நற்கருணைப் பாத்திரத்தை, பீடத்துணியைக் கொண்டுவந்தார்கள். கல்லால் ஆன ஞானஸ்நானத் தொட்டியை நான்கு பேர் கயிறு கட்டி இறக்கினார்கள். கிங்ஸ்லி ஐயர் கதவைச் சாத்தினார். வெள்ளத்தில் ஊறிய கதவு சரியாகப் பொருந்தவில்லை. தோளால் தள்ளிச் சாத்தினார்.

ஒரு காகிதத்தை வாசித்ததால் ஓர் ஆலயம் ஆலயமில்லாமல் போகும் என்றால், ஒரு பெயரை வாசித்ததால் ஒரு குழந்தை ஞானஸ்நானம் பெற்றதாக ஆகிவிடாதா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். கதவு சாத்துவதற்கு முன்னால், அது ஆலயமாக இருந்த கடைசி மணி நேரத்தில், அத்தனை பேர் கேட்க வாசித்தாயிற்று. இன்பமணி கேட்டாயிற்று. இதோடு முடிந்தது என்று கிட்டத்தட்ட நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

“ரோஸ்லின் பேரு எங்கேருந்து வந்துச்சு?”

நான் காப்பியைக் குடித்தேன்.

“அவளுக்கு ஞானஸ்நானம் ஆனன்னைக்கு நாந்தான் வயித்தத் தள்ளிக்கிட்டு முன்னால நின்னேன். ஊரே அவளப் பாப்பா பாப்பான்னுதான் கூப்பிடும். எனக்கே பேரு மறந்துபோச்சு. நீங்க வாசிச்ச பெறகுதான் நெனப்பு வந்துது. நீங்க அன்னைக்குக் கோயிலுக்கே வரல. அவளுக்கு யாரும் சீட்டு எழுதல. ஐயர்ட்ட கேட்டேன், வேதநாயகம் சார்தான் சேர்த்தாருன்னு சந்தோசமாச் சொல்லுதாரு.”

எழுந்து போய் வேதாகமத்தை எடுத்துவந்து, அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மே மாதத்தில் ரோஸ்லின். அடுத்தது ஆகஸ்டு. இரண்டுக்கும் இடையில் விரல் போய்ப் போய் வந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம்.

“எழுத விட்டுப்போச்சா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். “அப்பம் நீங்க இருந்த இருப்புல எழுதவா தோணும்? ஐயரும் மாத்தலாகிப் போயிட்டாரு. பேரு இல்லாததப் பாத்து நான் வருத்தப்படுவேன்னு தாளை ஒளிச்சு வச்சிருக்கிய. அப்படித்தானே?”

அவள் எனக்காக ஒரு வழியைத் திறந்து, ஓரமாக விலகி நின்றாள். ஆமா என்று ஒரு சொல் போதும். இந்த வயதில் இருவரும் அந்த வழியாகவே நடந்து போய்ச் சேர்ந்துவிடலாம். அவளுக்கும் அது வேண்டியிருந்தது என்று அவள் கையைப் பார்த்தால் தெரிந்தது. தாளின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். கடைசி ஆடு போகிற வரை சத்தம் கேட்டது. அதன் பிறகும் நான் பேசவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஊத்துனியளா?”

“இல்ல.”

அவள் அழவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கையில் இருந்ததையும், நான் ஏன் நின்றேன் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. பிறகு ஒன்று கேட்டாள்.

“பேரு சொல்லியாவது கூப்பிட்டியளா?”

கூப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் நானும் மாரித்தாயும் மட்டும்தான் இருந்தோம். மாரித்தாய் இப்போது உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது.

“இல்ல.”

“அப்பம் அந்த ரெண்டு நாளும் அவள ஒருத்தரும் பேரு சொல்லிக் கூப்பிடல.”

அது கேள்வி இல்லை. தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் பக்கம் தள்ளினாள்.

“இத ஐயர்ட்ட குடுத்துருங்க. மத்த ஒம்பது பிள்ளையளும் என்ன பாவம் செஞ்சுது.”

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் எழுந்து முகம் கழுவி, தலை வாரி, வெளியே கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை. புது ஆலயம் வரும்வரை மேட்டில் போட்டிருக்கிற கொட்டகையில்தான் ஆராதனை. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆற்றுப் பாதையில் திரும்பினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஆலயத்துக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். தோட்டத்து வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“நீங்க வரவேண்டாம்.”

நான் வாசலில் நின்றுகொண்டேன்.

பெரியவர்களின் கல்லறைகளில் சிமெண்டுச் சிலுவையும் பெயர்ப்பலகையும் உண்டு. குழந்தைகளுக்கு மண்மேடுதான். கீழ்க்கோடியில், ஆற்றைப் பார்த்த சரிவில், வரிசையாக இருந்தன. வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து அந்தச் சரிவு முழுவதையும் ஒரே சமமாக நிரப்பிவிட்டுப் போயிருந்தது. இப்போது அங்கே உடைமரக் கன்றுகள் முளைத்திருந்தன. அவள் அதன் ஓரத்தில் நின்றாள். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. இரண்டடி வலப்பக்கம் போனாள். திரும்பி வந்தாள். குனிந்து ஒரு கன்றை விலக்கிப் பார்த்தாள். அதன் கீழும் வண்டல்தான்.

பிறகு கூப்பிட்டாள். ஜெபம் போல இல்லை, ஒப்பாரி போலவும் இல்லை. தெருவில் விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவார்களே, அப்படி. முதல் தரம் குரல் சரியாக வரவில்லை. இரண்டாம் தரம் நன்றாக வந்தது. மூன்றாம் தரம் கையை வாயோரம் வைத்து, ஆற்றுப் பக்கமாகத் திரும்பிக் கூப்பிட்டாள்.

ஆலயக் கூரையில் ஓடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஏணி அசைகிற சத்தம் கேட்டது. சங்கிலிபூதத்தான் இறங்கி, சுவரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். செங்கல் தூசி படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, பிள்ளை ஏதும் காணலயா? ஆத்துப் பக்கமா போயிட்டுதா? பயலுவள எறங்கித் தேடச் சொல்லட்டா?”

மேலே அவருடைய ஆள்கள் எழுந்து நின்று ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஏற்கெனவே ஏணியில் கால் வைத்துவிட்டான்.

“எங்க பிள்ளைதான்” என்றேன். “செத்து முப்பத்தொரு வருஷம் ஆச்சு.”

அவர் என்னையும், தூரத்தில் நிற்கிறவளையும் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் என் பக்கத்தில் நின்றார். அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.